வகுப்பறை ஏ.சி.யில் எந்த கேஸ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பசுமைப் பள்ளிக் கட்டடங்களைப் பற்றி எழுதியபோது, "ஏ.சி. வாங்குவதற்கு முன் உள்ளே என்ன கேஸ் இருக்கிறது என்று கேளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. தாளாளர்கள், பெற்றோர், பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள், ஒரு ப்ளஸ் டூ மாணவி எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் தருகிறேன்.

புதிதாகப் பன்னிரண்டு வகுப்பறைகள் கட்டுகிறோம். ஏ.சி.க்கு மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்றில் ஆர்-410ஏ, இன்னொன்றில் ஆர்-32, மூன்றாவதில் ஆர்-290. மூன்றிலும் 'ஓசோனுக்கு உகந்தது' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் எதை வாங்கினாலும் ஒன்றுதானா?
– பள்ளித் தாளாளர், ஈரோடு மாவட்டம்

மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. ஓசோனை அரிப்பது கேஸில் இருக்கும் குளோரின். இந்த மூன்றிலும் குளோரின் கிடையாது, அதனால் ஓசோன் படலத்துக்கு மூன்றாலும் கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஸ்டிக்கர் அதோடு நின்றுவிடுகிறது. இந்த கேஸ் வெளியே கசிந்தால் பூமியை எவ்வளவு சூடாக்கும் என்பது அடுத்த கேள்வி, அங்கேதான் மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. ஒரு கிலோ கரியமில வாயு நூறு வருடங்களில் பிடித்து வைக்கும் வெப்பத்தை 1 என்று வைத்துக்கொண்டால் ஆர்-410ஏ-க்கு 2088, ஆர்-32-க்கு 675, ஆர்-290-க்கு சுமார் 3.

இதை உங்கள் மெஷினுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. ஒன்றில் ஆர்-410ஏ என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், அது முழுக்க வெளியே போனால் இரண்டு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ஆர்-32 முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போடுவார்கள், அரை டன்னிலிருந்து முக்கால் டன்னுக்குள் வரும். ஆர்-290 என்பது புரொப்பேன், 300 முதல் 360 கிராம்தான் பிடிக்கும், மொத்தமும் போனாலும் ஒரு கிலோ கரியமில வாயு. டன் எங்கே, கிலோ எங்கே!

சட்டமும் அந்தத் திசையில்தான் போகிறது. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரத்தில் உலக நாடுகள் கூடி, ஓசோனுக்குக் கெடுதல் செய்யாவிட்டாலும் பூமியைச் சூடாக்குகிற, ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற எச்.எஃப்.சி. வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பது என்று ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-ல் அதை உறுதி செய்தது. 2028-ல் நம் நாட்டு அளவுக்கு உச்சவரம்பு கட்டப்படும், பிறகு 2032-ல் 10 சதவீதம், 2037-ல் 20, 2042-ல் 30, 2047-ல் 85 சதவீதம் என்று குறைக்க வேண்டும். நீங்கள் இன்று மாட்டும் ஏ.சி. பத்துப் பதினைந்து வருடம் ஓடும். அப்போது அதற்கு கேஸ் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை இன்றே யோசித்துவிட வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். ஆர்-410ஏ கொட்டேஷனை ஒதுக்கிவிடுங்கள். ஆர்-290 மெஷினுக்கு உங்கள் ஊரில் பயிற்சி பெற்ற ஆட்களை கம்பெனியே அனுப்புமென்றால், அறையின் பரப்பும் அதற்குப் போதுமென்றால், அதை எடுங்கள். இந்தியாவில் 2012-லிருந்தே புரொப்பேன் ஏ.சி. விற்பனையில் இருக்கிறது, புதுச் சரக்கு என்று பயப்பட வேண்டாம். ஆள் கிடைக்காது என்றால் ஆர்-32. அப்புறம், கேஸ் நல்லதாக இருக்கிறதே என்று குறைந்த ஸ்டார் மெஷினை வாங்கிவிடாதீர்கள். ஒரு வகுப்பறை ஏ.சி. வருடத்துக்கு 1,200 மணி நேரம் ஓடி மணிக்கு 1.2 யூனிட் எடுத்தால் 1,440 யூனிட் ஆகிறது, நம் மின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தாலே அது வருடத்துக்கு ஒரு டன் கரியமில வாயு. கசியாத மெஷினில் கேஸைவிடக் கரண்ட்தான் பெரிய சுமை. ஐந்து ஸ்டார் வாங்கி, 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் ஓட்டுங்கள்.

ஆர்-22, ஆர்-32, ஆர்-290 என்கிறார்களே, இந்த எண்களுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா சார், அல்லது கம்பெனிகள் சும்மா வைத்துக்கொண்டவையா?
– ப்ளஸ் டூ மாணவி, திருநெல்வேலி

இருக்கிறதம்மா, அதுவும் நீ படிக்கிற வேதியியலே இருக்கிறது. நீ கேட்ட இந்த எண்களில் எதுவானாலும் அதோடு 90 கூட்டு. வருகிற மூன்று இலக்கங்களில் முதலாவது கார்பன் எத்தனை, இரண்டாவது ஹைட்ரஜன் எத்தனை, மூன்றாவது ஃப்ளோரின் எத்தனை என்று சொல்லும். ஒரு கார்பன் என்றால் அதைச் சுற்றி நான்கு இடம், இரண்டு கார்பன் என்றால் ஆறு, மூன்று என்றால் எட்டு. ஹைட்ரஜனும் ஃப்ளோரினும் நிரப்பியது போக இடம் மிச்சம் இருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பது குளோரின்.

போட்டுப் பார். 22-ம் 90-ம் 112. ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், இரண்டு ஃப்ளோரின். நான்கு இடத்தில் மூன்றுதான் நிரம்பியது, ஆக ஒரு குளோரின் இருக்கிறது. 32-ம் 90-ம் 122: ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஃப்ளோரின், நான்கும் நிரம்பிவிட்டது, குளோரினுக்கு இடமே இல்லை. 290-ம் 90-ம் 380: மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஃப்ளோரின் சுழியம். அதுதான் புரொப்பேன். அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களில் இருந்த ஆர்-12-ஐ எடுத்துக்கொண்டால் 102, ஹைட்ரஜனே இல்லை, ஃப்ளோரின் இரண்டு, மீதி இரண்டும் குளோரின். ஓசோன் படலத்தில் ஓட்டை விழக் காரணமான கூட்டத்தில் அது ஒன்று. ஆக, எந்த வாயு ஓசோனைத் தின்னும் என்று தெரிந்துகொள்ள உனக்கு ஒரு கூட்டல் கணக்கு போதும்.

இந்தக் கணக்கு எல்லா எண்ணுக்கும் பொருந்தாது. 400 வரிசை என்றால் கலவை. ஆர்-410ஏ என்பது ஆர்-32 பாதி, ஆர்-125 பாதி. 700 வரிசையில் கடைசி இரண்டு இலக்கம் மூலக்கூறு எடை: அம்மோனியா 717, கரியமில வாயு 744. தண்ணீருக்கும் ஓர் எண் உண்டு, 718. இந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கீழே பேசுகிறேன்.

ஆர்-12-க்கும் ஆர்-22-க்கும் நடுவில் ஒரு சங்கதி இருக்கிறது. ஆர்-22-ல் ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் அது மேலே போவதற்குள் கீழ்க்காற்றிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும், ஆயுள் சுமார் 12 வருடம். ஆர்-12 ஏறக்குறைய 100 வருடம் தாங்கி நிதானமாக மேலே போய்ச் சேரும். ஆர்-12-ன் கூட்டத்தைச் சேர்ந்த ஆர்-11-ன் ஓசோன் அரிப்புத் திறனை 1 என்று வைத்தால் ஆர்-22-க்கு 0.055. ஹைட்ரஜனே இல்லாமல் குளோரின் இருக்கிற அந்தக் கூட்டத்துக்குத்தான் சி.எஃப்.சி. என்று பெயர். அதனால் 'சி.எஃப்.சி. இல்லாதது' என்று ஆர்-22 மெஷினில் ஸ்டிக்கர் ஒட்டினால் அது உண்மைதான், ஆனால் ஓசோனுக்குக் கெடுதலே இல்லை என்று ஆகிவிடாது. சின்னப் பல்லாக இருந்தாலும் கடிக்கத்தான் செய்யும்.

இந்த வாயுக்கள் ஓசோனைக் கெடுக்கும் என்று 1974-ல் மோலினாவும் ரோலண்டும் கணக்குப் போட்டுச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1985-ல் அண்டார்டிகாவின் ஹாலி பே நிலையத்திலிருந்து பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அங்கே வசந்த காலத்தில் ஓசோன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து காட்டினார்கள். இரண்டே வருடத்தில், 1987 செப்டம்பர் 16-ல், மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உன் பள்ளியில் செப்டம்பர் 16-ஐ ஓசோன் தினம் என்று கொண்டாடுவது அதனால்தான். இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் 1980-ல் இருந்த நிலைக்கு 2066 வாக்கில் திரும்பிவிடும் என்று ஐ.நா.வின் மதிப்பீடு சொல்கிறது. உலகத்தின் பெரும்பகுதிக்கு 2040 வாக்கிலேயே. நீ அதைப் பார்ப்பாய்.

என் மகன் படிக்கும் பள்ளியில் புரொப்பேன் கேஸ் ஏ.சி. மாட்டப் போகிறார்களாம். புரொப்பேன் என்றால் சமையல் கேஸ் போலத்தானே? நாற்பது பிள்ளைகள் உட்காரும் அறையில் அதை வைக்கலாமா?
– ஒரு தாய், சென்னை

நியாயமான பயம் அம்மா. பதறாதீர்கள் என்று ஒரு வார்த்தையில் முடிக்க மாட்டேன், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 25 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள வகுப்பறையில் சுமார் 140 கன மீட்டர் காற்று இருக்கிறது. ஒரு மெஷினில் உள்ள 300 கிராம் புரொப்பேன் மொத்தமும் கசிந்து அறை முழுக்கப் பரவினால் கன மீட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம். புரொப்பேன் தீப்பிடிக்க வேண்டுமானால் கன மீட்டருக்குக் குறைந்தது 38 கிராம் வேண்டும். அதாவது ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்குதான். வீட்டுச் சமையலறையில் நாம் 14.2 கிலோ சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைக்கிறோம். இன்றைக்கு வருகிற பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருப்பதும் ஐசோபியூட்டேன் என்கிற எரியும் வாயுதான், அளவு சில பத்து கிராம்.

ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தவுடன் சமமாகப் பரவாமல் தரையோடு தங்கப் பார்க்கும். அதனால் அறை சின்னதாக இருந்தால் ஆபத்து கூடும். கம்ப்யூட்டர் சர்வர் வைத்திருக்கும் பொந்து, சின்ன அலுவலக அறை, ஸ்டோர் ரூம் இவற்றில் இதே மெஷினை மாட்டக் கூடாது. இத்தனை கிராமுக்கு இத்தனை சதுர மீட்டர் அறை வேண்டும் என்று மெஷினோடு வரும் கையேட்டில் அட்டவணை இருக்கும், பள்ளியில் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று வாசனை. சமையல் கேஸில் கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள். ஏ.சி.க்கான புரொப்பேனில் அது கிடையாது, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது.

நிஜமான ஆபத்து பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் அவ்வளவாக இல்லை, ரிப்பேர் நேரத்தில்தான் இருக்கிறது. பற்றவைக்கிற டார்ச்சோடு ஓர் ஆள் கேஸ் இருக்கும் குழாயைப் பிரிக்கிறாரே, அப்போதுதான். எனவே கேஸ் சம்பந்தப்பட்ட எந்த வேலையும் விடுமுறை நாளில்தான் நடக்கும், பயிற்சி பெற்றவர்தான் செய்வார் என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆர்-32-ம் எரியக்கூடியதே, மெதுவாக எரியும், எளிதில் பற்றாது, எரிந்தால் வருகிற புகை நச்சு. ஆகவே இந்த விதி அதற்கும் பொருந்தும்.

ஹாஸ்டலில் குடிநீர் கூலர் இரண்டு வாங்குகிறோம். அதற்கும் இதெல்லாம் பார்க்க வேண்டுமா?
– வார்டன், தஞ்சாவூர்

பாருங்கள். பின்பக்கத் தகட்டில் ஆர்-134ஏ என்று இருந்தால் ஓசோனுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் பூமியைச் சூடாக்கும் கணக்கில் 1430. ஆர்-290 அல்லது ஆர்-600ஏ (மேலே சொன்ன ஐசோபியூட்டேன்தான்) போட்டது கிடைத்தால் அதை எடுங்கள்.

எங்கள் பள்ளியில் பதினாறு ஏ.சி. இருக்கிறது. வருடா வருடம் ஏப்ரலில் நாலைந்து மெஷினுக்கு கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது. கேஸ் தீர்ந்துபோவது சகஜம்தான் என்கிறார் மெக்கானிக். நல்ல கேஸாக மாற்றினால் இது நிற்குமா?
– பள்ளிப் பராமரிப்பு மேலாளர், மதுரை

நிற்காது. கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. கம்ப்ரசரிலிருந்து கிளம்பி, வெளி யூனிட்டில் சூட்டை விட்டு, உள் யூனிட்டில் சூட்டை வாங்கி, மறுபடி கம்ப்ரசருக்கே வந்து சேரும் மூடின சுற்று அது. முதல் நாள் போட்ட கேஸ் பதினைந்து வருடம் கழித்தும் அதே அளவு இருக்க வேண்டும். குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை.

சில வருடம் முன்பு ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன், கிட்டத்தட்ட உங்கள் கதைதான். பில் ஃபைலைப் புரட்டினால் தொடர்ந்து மூன்று ஏப்ரலிலும் அதே வகுப்பறைக்கு 'கேஸ் சார்ஜிங்' என்று எழுதியிருந்தது. மாடிக்குப் போய் அந்த வெளி யூனிட்டைப் பார்த்தேன். இரண்டு காப்பர் பைப் வந்து சேருகிற இடத்தில், தடிமனான பைப்பின் பித்தளை நட்டைச் சுற்றி மட்டும் தூசி கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் சாதாரணச் செம்மண் தூசி, விரலால் தொட்டால் உதிர்ந்துவிடும். கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றும், கேஸ் எங்கே வெளியே வருகிறதோ அங்கே எண்ணெயும் கசியும், அதில் தூசி ஒட்டும். கறையைத் துடைத்துவிட்டு ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி பிரஷால் தடவினோம். பத்து எண்ணுவதற்குள் நட்டின் அடியில் கடுகளவு ஒரு குமிழி வந்தது, அது வளர்ந்து மிளகளவு ஆகி உடைந்தது, மறுபடி அதே இடத்தில் கடுகு. மூன்று வருடமாக அந்தப் பள்ளி பணம் கொடுத்தது அந்தக் குமிழிக்குத்தான்.

கேஸைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டு நட்டைக் கழற்றிப் பார்த்தால், புனல் மாதிரி விரித்திருந்த பைப்பின் வாயில் மயிரிழை போல் ஒரு கீறல். பைப்பை அறுத்தபின் பிசிரை எடுக்காமலே விரித்திருக்கிறார்கள், அப்புறம் கசியக் கூடாதே என்று நட்டை மூச்சுப்பிடித்து முறுக்கியிருக்கிறார்கள். அந்த நுனியை வெட்டி, பிசிர் நீக்கி, புதிதாக விரித்து, டார்க் ஸ்பேனரில் அளவாக இறுக்கினோம். அதன் பிறகு அந்த மெஷினுக்கு கேஸ் கேட்கவில்லை.

உங்கள் மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம். பெரும்பாலானவர்கள் வேலை பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள், உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு. ஆனால் கேஸ் நிரப்பும் முன் மூன்று காரியத்தை அவரைச் செய்யச் சொல்லுங்கள், அதற்கான கூலியையும் சந்தோஷமாகக் கொடுங்கள். முதலில் நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் இறங்குகிறதா என்று பார்த்து, சோப்பு நுரையில் கசிவைக் கண்டுபிடிப்பது. பிறகு வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது. மூன்றாவது, தராசில் வைத்து, தகட்டில் எழுதியிருக்கிற கிராம் அளவுக்கே கேஸ் போடுவது. வேக்குவம் பம்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டுமே என்று மெஷினில் இருக்கிற கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றை வெளியே தள்ளுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆர்-22 காலத்தில் அது ஓசோனுக்குக் கேடு. ஆர்-32, ஆர்-290 மெஷினில் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேடு.

எங்களிடம் எட்டு பழைய ஆர்-22 மெஷின்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? ஆர்-22-க்குப் பதில் அதே மெஷினில் ஆர்-290 போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.
– உதவி பெறும் பள்ளித் தலைமை ஆசிரியர், தூத்துக்குடி

இரண்டாவது கேள்விக்கு முதலில்: வேண்டவே வேண்டாம். புரொப்பேனின் கொதிநிலையும் அழுத்தமும் ஆர்-22-க்குப் பக்கத்தில் இருப்பதால் மெஷின் ஓடும், நன்றாகக் குளிரவும் செய்யும், அதனால்தான் இந்த ஆசை வருகிறது. ஆனால் அந்த மெஷினின் ரிலே, சுவிட்ச், வயரிங் எதுவும் எரியும் வாயுவை நினைத்துச் செய்யப்பட்டதில்லை. சமையல் சிலிண்டரிலிருந்தே பிடித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது பகீரென்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்தச் சோதனை கூடாது. ஆர்-32-ஐயும் பழைய மெஷினில் போட முடியாது, அதன் அழுத்தம் ஆர்-22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல்.

நன்றாக ஓடுகிற மெஷினை இன்றே கழற்ற வேண்டாம். கசியாத ஆர்-22 யாரையும் கெடுப்பதில்லை. புது மெஷின் தயாரிப்பில் ஆர்-22 போன்ற எச்.சி.எஃப்.சி. வாயுக்களைப் பயன்படுத்துவது நம் நாட்டில் 2024 கடைசியோடு முடிந்துவிட்டது, இருக்கிற மெஷின்களின் சர்வீசுக்கு கேஸ் இன்னும் கிடைக்கும், ஆனால் அளவு சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே கம்ப்ரசர் போனாலோ காயில் ஓட்டையானாலோ அந்த மெஷினில் மேற்கொண்டு காசு போடாமல் மாற்றிவிடுங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குக் காயில் சீக்கிரம் அரிக்கும், வருடம் ஒரு முறை கழுவி வையுங்கள். பழைய ஸ்டாக் என்று ஆர்-22 மெஷினைத் தள்ளுபடியில் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள்.

கழற்றும்போதுதான் கவனம். பைப்பை அப்படியே வெட்டினால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அந்தச் சத்தம்தான் ஒரு கிலோ ஆர்-22, பூமிக்கு 1.8 டன் கரியமில வாயு, கூடவே ஓசோனுக்கும் அடி. மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் மெல்லிய பைப்பின் வால்வை மூடிவிட்டு ஓட்டினால் போதும், கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள் வந்துவிடும், உடனே தடித்த பைப்பின் வால்வையும் மூடிவிடலாம். ஓடாத மெஷினுக்கு ரெக்கவரி மெஷின் கொண்டுவந்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், ஏ.சி. மின்கழிவு விதிகளுக்குள் வருகிறது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நாற்பது வகுப்பறை, ஆடிட்டோரியம், நூலகம் என்று பெரிய வளாகம். பசுமைச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். வி.ஆர்.எஃப். போடலாமா, சில்லர் போடலாமா?
– கட்டடக் கலைஞர், கோயம்புத்தூர்

வி.ஆர்.எஃப். என்றால் ஒரே வெளி யூனிட்டிலிருந்து பல அறைகளுக்கு கேஸ் குழாய் போகிற ஏற்பாடு. அதில் கரண்ட் மிச்சம், வகுப்புக்கு வகுப்பு தனித்தனியாக ஓட்டிக்கொள்ளலாம், அதெல்லாம் சரி. ஆனால் ஒரே சுற்றில் 25 கிலோ ஆர்-410ஏ பத்துப் பன்னிரண்டு அறைகளின் கூரைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். எங்கேயோ ஒரு பிரேஸிங் இணைப்பு விட்டால் மொத்தமும் போகும், அது 52 டன் கரியமில வாயு. அந்த இணைப்பு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும், கண்ணில் படாது.

சில்லரில் கேஸ் மொட்டை மாடியிலோ மெஷின் அறையிலோ நின்றுவிடும், வகுப்பறைக்கு வருவது குளிர்ந்த தண்ணீர் மட்டும். குழாய் ஒழுகினால் தரை நனையும், அவ்வளவுதான். பிள்ளைகள் இருக்கும் கட்டடத்துக்கு இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். சின்ன அளவுகளில் ஆர்-32 சில்லர் கிடைக்கிறது, பெரியவற்றில் ஆர்-1234இசட்இ, ஆர்-1233இசட்டி போன்ற புது வாயுக்கள் வந்துவிட்டன. இவற்றின் சூடாக்கும் திறன் ஒற்றை இலக்கம்தான். இந்தப் புது வகையில் எல்லாமே சுத்தம் என்று சொல்ல மாட்டேன்: ஆர்-1234ஒய்எஃப் காற்றில் சிதைந்து முழுக்க டி.எஃப்.ஏ. என்ற அமிலமாகி மழையோடு இறங்குகிறது, அது எளிதில் அழியாது. ஆர்-1234இசட்இ-யில் அந்தப் பங்கு மிகக் குறைவு. அம்மோனியா அற்புதமான குளிரூட்டி, ஆனால் நச்சு. பள்ளிக்கு வேண்டாம்.

சான்றிதழ் விஷயம். லீட் என்கிற அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீட்டின் நான்காம் பதிப்பில், புது ஏ.சி. அமைப்புகளில் சி.எஃப்.சி. இருக்கவே கூடாது என்பது கட்டாயம், அது இன்று யாரும் போடாத ஒன்று, எனவே அது சாதனை இல்லை. கூடுதல் புள்ளிக்கான கணக்குதான் உருப்படியானது: ஒரு டன் குளிருக்கு எவ்வளவு கேஸ், அதன் ஓசோன் அரிப்பு, அதன் சூடாக்கும் திறன், மெஷின் ஆயுள், வருடத்துக்கு 2 சதவீதம் கசிவு, கடைசியில் கழற்றும்போது 10 சதவீதம் இழப்பு என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலான ஐ.ஜி.பி.சி.யும் பள்ளிகளுக்கெனத் தனி மதிப்பீடு வைத்திருக்கிறது. எதற்குப் போனாலும் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டு நிர்வாகத்திடம் காட்டுங்கள். மேலே மதுரைக்காரருக்குச் சொன்ன மாதிரி நட்டுகள் இருக்கிற கட்டடத்தில் 2 சதவீதம் என்பது கனவு, அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஏ.சி.க்கெல்லாம் எங்களிடம் காசு இல்லை. கிராமத்துப் பள்ளி. எங்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?
– ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

உங்களுக்குத்தான் அம்மா நிறைய இருக்கிறது. மாட்டாத ஏ.சி.யிலிருந்து ஒரு கிராம் கேஸும் கசியாது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டும் செயல்திட்டமே, 2037-38-க்குள் குளிரூட்டும் தேவையை 20 முதல் 25 சதவீதம் குறைப்பதை முதல் இலக்காக வைத்திருக்கிறது.

உங்கள் வகுப்பறைச் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. மே மாதம் மதியம் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? அந்தச் சூடுதான் சாயங்காலம் வரை பிள்ளைகள் தலைமேல் இறங்குகிறது. மாடியைக் கூட்டிக் கழுவிவிட்டு, நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டிக் கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு கை அடியுங்கள். மார்ச் மாதம் அடித்தால் அந்தக் கோடைக்குத் தாங்கும், மழையில் கரைந்துவிடும், அடுத்த வருடம் மறுபடி. காசு வரும்போது வெள்ளை ஓடு பதிக்கலாம். மேற்குச் சன்னலுக்கு வெளியே ஒரு தென்னங்கீற்றுப் பந்தல், அதையொட்டி ஒரு வேம்பு. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் சொச்சம், பழுதாகிறபோது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

மேலே மாணவிக்குச் சொன்னேனே, ஆர்-718 என்று, அந்தத் தண்ணீர் உங்கள் ஊருக்கு நல்ல குளிரூட்டி. காற்று காய்ந்திருக்கிற விருதுநகர், ஈரோடு, வேலூர்ப் பக்கமெல்லாம் கோடையில் ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும், சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தாலும் அதே தத்துவம்தான். சென்னை, தூத்துக்குடிபோலக் காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும் ஊர்களில் இது வெறும் புழுக்கம். கூலர் ஓடும்போது எதிர்ப்பக்கச் சன்னல் திறந்திருக்க வேண்டும்.

திறந்த சன்னல் என்றதும் ஏ.சி. போட்டிருக்கும் பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவராது, அறைக்குள் இருப்பதையேதான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். நாற்பது பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பீரியட் மூச்சுவிட்டால் மூன்றாவது பீரியடில் பாதி வகுப்பு தூங்கிவழியும். ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழி, இரண்டும் வேண்டும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.
– பள்ளிச் செயலர், சேலம்

'ஓசோனுக்கு உகந்த கேஸ்' என்று எழுதாதீர்கள், அதற்குள் எதையும் நுழைக்கலாம். கேஸின் எண்ணை எழுதுங்கள், ஒரு மெஷினுக்கு எத்தனை கிராம் என்பதையும் எழுதுங்கள். அறையின் பரப்பு அந்த அளவுக்குப் போதும் என்று சப்ளையர் கையெழுத்திட வேண்டும். மாட்டும்போது நைட்ரஜன் சோதனையும் வேக்குவமும் உங்கள் ஆள் முன்னால் நடக்க வேண்டும், கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷின் இருந்தால் அதன் கேஸைப் பிடித்து எடுத்துப்போவது சப்ளையர் பொறுப்பு என்று ஒரு வரி சேருங்கள், கொட்டேஷனில் அதற்குத் தனித் தொகை கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், கடையில் ஒரு நீளநோட்டு வாங்குங்கள். மெஷினுக்கு ஒரு பக்கம். என்ன கேஸ், எத்தனை கிராம், மாட்டிய தேதி முதல் வரியில். அதற்குக் கீழே யாராவது கேஸ் போட்டால் தேதி, கிராம், கசிவு எங்கே இருந்தது, யார் சரிசெய்தது. கசிவு எங்கே என்ற கட்டம் காலியாக இருந்தால் பில்லை பாஸ் செய்யாதீர்கள்.